ஐந்து ஆம்பியர் வீடு

அல்-மீனா, அக்டோபர் 9

அன்புள்ள ஹாத்திம் அண்ணாவுக்கு,

உன் ஒரே தங்கையும், இந்தத் தெருவில் பதினாறு வயதுக்குள் அதிகத் திட்டு வாங்கியவளுமான லமீஸ் எழுதுவது. நான் நலம். அம்மா நலம். குளிர்பெட்டியும் நலம். கிரெனோபிளில் உனக்கு மூக்கு ஒழுகாமல் இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போனை அம்மா பறித்துப் பூட்டிவிட்டாள். பெருநாள் வரை கிடையாதாம். குற்றம் இதுதான்: தெருவுக்கே மின்சாரம் விற்கிற ஜெனரேட்டர்காரர் அபு ஃபவாஸின் குரலில் பேசி, கட்டடத்துப் போன் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டேன். "சகோதர சகோதரிகளே, புது இன்ஜின் வந்திருக்கு. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்கு அஞ்சு இல்ல, பத்து ஆம்பியர். ஆசை தீர அனுபவிங்க!" ஐந்தே நிமிடம். பதினான்கு வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடியது. இன்ஜின் ஒரு முறை இருமிவிட்டு நின்றுபோனது. நாற்பது நிமிடம் தெருவில் ஒரு விளக்கு இல்லை. அவ்வளவுதான் கதை.

ஆகவே மூன்றாம் மாடி விமானப் பணிப்பெண் மிர்னா அக்காதான் இனி என் தபால்காரி. விமானத்தில் பாரிஸ் போகும்போதெல்லாம் அங்கே உனக்குத் தபாலில் போடுவாள். திரும்பும்போது உன் கடிதத்தைக் கொண்டுவருவாள்.

விஷயம் இது. நடையில் செருப்பு அலமாரிக்குள் இருக்கிறதே அம்மாவின் சர்வர், அதை மாற்ற வேண்டும். நீ போனபோது அம்மாவின் மருந்துப் பட்டியலில் மூன்று கடை. இப்போது பதினொன்று. திரிபோலி முழுக்க எந்த மருந்துக்கடையில் எந்த மாத்திரை இருக்கிறது என்று ஊரே இந்த அலமாரியைத்தான் கேட்கிறது. வெளிநாட்டில் இடம் வாடகைக்கு எடுக்கலாம் என்றால் நம் வங்கி அட்டை எல்லையைத் தாண்டினால் வெறும் பிளாஸ்டிக். ஏதோ ஒரு அலுவலகம் தூக்கிப் போட்ட கிழட்டு எந்திரம் இது. சர்வர் என்றால் காபியாவது கொண்டு வர வேண்டாமா? இது சூட்டை மட்டும் கொண்டு வருகிறது.

நீ கணினிக்கு மூளையான செயலிச் சில்லு செய்கிற வேலையில்தானே இருக்கிறாய். குறைவாகத் தின்று நிறைய உழைக்கிற சர்வர் ஒன்று வேண்டும். அவசரம். ஏன் அவசரம் என்று கேட்காதே. காலையில் காபி அடுப்பு போட்டால் மின்சாரம் போய்விடுகிறது, அதனால்தான்.

கன்னத்தில் ஒரு முத்தம், மண்டையில் ஒரு குட்டு,
லமீஸ்


கிரெனோபிள், அக்டோபர் 21

வாலு லமீஸுக்கு,

ஜலதோஷம் இல்லை. மலையில் பனி இறங்கிவிட்டது, அவ்வளவுதான். உன் கடிதத்தை அலுவலக உணவுக்கூடத்தில் படித்துச் சிரித்ததில், பக்கத்து மேசைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் ஒரு குறும்புக்கு ஆறு மாதம் போனைப் பூட்டுகிற ஆளா நம் அம்மா? உன்னைவிட நான் பெரிய வேலையெல்லாம் செய்திருக்கிறேன், எனக்கு இரண்டு நாளுக்கு மேல் தண்டனை கிடைத்ததில்லை.

காபிக்காகச் சர்வரையே மாற்றுவது எனக்குப் புரியவில்லை. அபு ஃபவாஸிடம் பத்து ஆம்பியர் கேட்டு வாங்க வேண்டியதுதானே? சரி, முதலில் கணக்கு. மிர்னாவிடம் ஒரு சின்ன அளவுமானி கொடுத்தனுப்புகிறேன். வீட்டுக்குள் வரும் கம்பியில் கிளிப் மாதிரி கவ்வி மாட்டு. ஒரு வாரம், மணிக்கு ஒரு தடவை, எத்தனை ஆம்பியர் என்று எழுதி அனுப்பு. பேச்சு வேண்டாம், எண் வேண்டும்.

அம்மாவையும் குளிர்பெட்டியையும் கேட்டதாகச் சொல்.

ஹாத்திம்


அல்-மீனா, நவம்பர் 4

எண் பிரியர் ஹாத்திம் அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். நேற்றுக் கடல் கரைமேல் ஏறி, மீன்கடை நாற்காலி இரண்டைக் கொண்டுபோய்விட்டது.

அபு ஃபவாஸிடம் பத்து ஆம்பியர் கேட்டேன். "பொண்ணே, நீயே எல்லாருக்கும் பத்து குடுத்துட்டியே, என்கிட்ட எதுக்கு வர்ற?" என்றார். பிறகு நிஜமாகவே பெட்டியைத் திறந்து காட்டினார். கம்பி நிறைந்துவிட்டது. யாராவது ஊரைவிட்டுப் போனால்தான் அடுத்தவருக்கு இடம். ஆகவே நாம் அஞ்சு ஆம்பியர்காரர்கள், அஞ்சி அஞ்சித்தான் வாழ வேண்டும். ஒரு நல்ல விஷயம், கீழே ரொட்டி அடுப்பு இருப்பதால் நம் தெரு ஜெனரேட்டர் ராத்திரியிலும் நிற்பதில்லை.

ஏழு நாள் எண்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு மணிகூட விடவில்லை. தூங்கின நேரத்துக்கும் பள்ளிக்குப் போன நேரத்துக்கும் உன் அளவுமானியே குறித்து வைத்துக்கொண்டது, நல்ல பிள்ளை.

இன்னொன்று. நீ அம்மாவைக் கேட்டாய், குளிர்பெட்டியைக் கேட்டாய். இந்த வீட்டில் முனீர் என்று ஒருவரும் இருக்கிறார். மீசை வைத்திருப்பார். எனக்கும் உனக்கும் அப்பா. அவரும் உன்னைக் கேட்பதில்லை. ஆனால் தபால் வந்தால் மட்டும் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கிறார்.

நீ கேட்காததற்கெல்லாம் பதில் எழுதும்,
லமீஸ்


கிரெனோபிள், நவம்பர் 15

லமீஸ்,

நலம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

எண்களைப் பார்த்தேன். சர்வர் இரண்டு ஆம்பியர், வேலை கூடினால் இரண்டரை. நம் வீட்டு மின்சாரத்தில் பாதியை அந்தச் செருப்பு அலமாரி தின்கிறது. நீ சொன்னது சரிதான், மாற்ற வேண்டும்.

எதை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். இது பதினாறு சின்ன மூளை உள்ள செயலி. பெரிய கணக்கு ஒன்றைக் கொடுத்தால் திணறும். ஆனால் அம்மாவின் பட்டியலுக்கு வருவது பெரிய கணக்கு இல்லை, 'இந்த மாத்திரை இருக்கா, எங்கே இருக்கு' என்று ஆயிரம் பேர் கேட்கும் குட்டிக் கேள்விகள். அதைப் பதினாறு பேர் பிரித்துக்கொள்வார்கள். கேள்வி இல்லாத மூளை தனியாகத் தூங்கிவிடும். மற்றது விழித்திருக்கும். எல்லாம் சேர்ந்து ஓடினாலும் முப்பது வாட்டைத் தாண்டாது. உங்கள் கிழவன் நானூற்று நாற்பது. விசிறி இல்லை, சத்தம் இல்லை.

நினைவகம் விஷயத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கப் போவதில்லை. ஐந்து மில்லிகிராம் என்று எழுதிவைத்தது ஒரு புள்ளி புரண்டு வேறு எண்ணானால் யாரோ ஒருவர் உயிர் போகும். இந்தச் செயலி தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிற நினைவகத்தோடு பேசும். வீட்டுக் கணினிக்கு அது வேண்டியதில்லை, இதற்கு வேண்டும்.

சரி, ஒரு கேள்வி. குளிர்பெட்டி, விளக்கு, சர்வர் எல்லாம் கழித்த பிறகு ஒன்று புள்ளி ஆறு ஆம்பியர் மிஞ்சுகிறது. காலையில் கொஞ்ச நேரம் தவிர, இரவும் பகலும் ஒரே சீராக. என்ன அது?

ஹாத்திம்


அல்-மீனா, நவம்பர் 26

துப்பறியும் அண்ணாவுக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதிவிட்டேன்.

அந்த ஒன்று புள்ளி ஆறு, மீன் தொட்டி. நான் மீன் வளர்க்கிறேன். ரொம்பக் குளிர் தாங்காத மீன். அதற்குக் காற்றுக் குழாய், வெந்நீர், மெத்தை எல்லாம் வேண்டும். பெயர் சுல்தான். நீ வந்தால் காட்டுகிறேன், வராவிட்டால் வறுத்துவிடுகிறேன்.

உன் பதினாறு மூளைக்காரனைப் பற்றி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இந்த வீட்ல ஒண்ணாவது ஒழுங்கா வேலை செஞ்சா சரி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். தூங்குகிற மூளை கதையைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்ததாகவும் சொன்னாள்.

இன்னொரு வாரத்து எண்களையும் வைத்திருக்கிறேன். நீ கேட்கவில்லைதான். இருந்தாலும் பார். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள வரிகள் சிவப்பு மையில் இருக்கும். நீல மை தீர்ந்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

உன் கண் நன்றாக இருக்கட்டும்,
லமீஸ்


கிரெனோபிள், டிசம்பர் 6

லமீஸ்,

நீல மை தீர்ந்திருந்தால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு எப்படித் திரும்பி வந்தது?

எந்த மீனும் முந்நூற்றைம்பது வாட் தின்னாது. அதோடு, எந்த மீனும் வெள்ளி தவிர தினமும் காலை ஒன்பது மணிக்கு அணைந்து பன்னிரண்டுக்கு மறுபடி எரியாது. சரியாக அந்த மூன்று மணி நேரம்தான் மருந்துக்கடைகள் அத்தனையும் பட்டியலைத் திறக்கின்றன, சர்வர் இரண்டரை ஆம்பியருக்கு ஏறுகிறது. யாரோ ஒருவர் கணக்குப் பார்த்து, தினமும் எழுந்து போய், அந்தப் பொருளை அணைக்கிறார். வீட்டு மின்சாரம் விழுந்துவிடக் கூடாது, பட்டியல் நின்றுவிடக் கூடாது என்று.

என்ன பொருள் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை. நீ எழுது.

ஹாத்திம்


கிரெனோபிள், ஜனவரி 2

லமீஸ்,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. மிர்னா இரண்டு தடவை வெறுங்கையோடு பாரிஸ் வந்து, "அவ படியில என்னைப் பாத்தா ஓடிப்போறா" என்று போனில் சொன்னாள். நீ ஓடுகிற ஆள் இல்லையே.

ஞாயிறன்று அம்மாவோடு பேசினேன். "எல்லாரும் நல்லா இருக்கோம், உங்க அப்பா தூங்குறாரு" என்றாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு. அம்மா பேசி முடித்துப் போனை வைக்க மறந்துவிட்டாள். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. புஸ்ஸென்று ஒரு மூச்சு, பிறகு ஒரு டக். மறுபடி புஸ், டக். நான் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

படகுத் துறையில் முப்பது வருடம் முகமூடி இல்லாமல் வெல்டிங் வைத்தவர். நான் கிளம்பின நாளிலேயே அந்த இருமல் இருந்தது. கேட்டிருக்க வேண்டும். விசா வந்ததை அவரிடம் கடைசி நாள்வரை மறைத்தேன். அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார்?

பலகையும் செயலியும் நினைவகமும் மிர்னாவிடம் ஏழாம் தேதி வரும். ஒரு புத்தகத்தின் அளவுதான் இருக்கும்.

ஹாத்திம்


அல்-மீனா, ஜனவரி 12

அண்ணா,

இந்தத் தடவை ஆரம்பத்தில் ஜோக் எழுதினேன், அடித்துவிட்டேன்.

அப்பாவின் நுரையீரலில் பாதி புகைதான் என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற எந்திரம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுதான் சுல்தான். உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். "அவன் அங்க படிச்சு வேலையில ஒக்காந்திருக்கான், இதைக் கேட்டா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுவான்." நான் ஒரு வார்த்தை எழுதவில்லை, சத்தியத்தை உடைக்கவில்லை. எண்ணை அனுப்பக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை.

அக்டோபர் முதல் வாரம் ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டது. வந்து பார்த்தால் எந்திரம் அணைந்திருக்கிறது, அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியில். உதடு கத்திரிக்காய் நிறம். "ஏம்ப்பா அணைச்சீங்க?" என்றேன். "சும்மா ஒக்காந்திருக்கிறவனுக்கு எதுக்குடி இத்தனை காத்து? பதினோரு கடையில எத்தனை பேரு மருந்து தேடிக்கிட்டு நிக்கிறாங்க. நான் ஒரு ஆளு. மத்தியானம் போட்டுக்குவேன்." அந்த நேரம் அம்மா கடை கடையாகப் போயிருப்பாள், அவளுக்குத் தெரியாது. "அம்மாகிட்ட சொன்னா உன் காதை வெல்டிங் வெச்சுடுவேன்" என்றார். அதன் பிறகுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் ஓடினது அதற்காகத்தான். அபு ஃபவாஸ் குரலில் பேசினேனே, அந்த நாற்பது நிமிடம். சுல்தானும் நின்றுவிட்டது. எனக்கு நினைவே வரவில்லை அண்ணா. நான் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா கத்தின பிறகுதான் ஏறி ஓடினேன். ரொட்டிக்கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார். போனைப் பறித்தது அதிகமில்லை.

பெட்டி வந்துவிட்டது. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

லமீஸ்


கிரெனோபிள், ஜனவரி 20

என் செல்ல லமீஸுக்கு,

எனக்குச் சுகம். நிஜமாகவே சுகம், இப்போதுதான். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அவர் இருக்கிறார், சண்டை போடுகிறார், உன் காதை வெல்டிங் வைக்கப் போகிறார். அது போதும்.

அந்த நாற்பது நிமிடத்தை நான் லேசாகச் சொல்ல மாட்டேன், நீயும் மறக்க மாட்டாய். ஆனால் பார், மூன்று மாதம் வாயைத் திறக்காமல் வெறும் எண்ணை வைத்தே உண்மையைச் சொன்னவளும் நீதான். இரண்டு வருடம் வாயைத் திறக்காத நான் உனக்குப் புத்தி சொல்ல முடியாது.

வேலையைப் பார்ப்போம். பழையதிலிருந்து பட்டியலைப் படியெடுத்த பிறகுதான் அதை அணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை செய், கடைகள் மூடியிருக்கும். புதியதைப் போட்டதும் மின்சார உச்சவரம்பு என்று ஓர் அமைப்பு இருக்கும், இருபத்தைந்து வாட் என்று வை. யார் எத்தனை கேள்வி கேட்டாலும் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிர அந்த எண்ணைத் தாண்டாது. பதில் ஒரு கண்சிமிட்டு நேரம் தாமதமாகும். அப்பா மூச்சைக் குறைத்துக்கொண்டாரே, இனி அதை இது செய்யட்டும்.

பலகையின் ஓரத்தில் தனியாக ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது. மற்றதெல்லாம் அணைந்தாலும் அது விழித்திருக்கும். ஏதாவது சிக்கினால் இங்கிருந்தே அதன் வழியாக உள்ளே வந்து சரி செய்துவிடுவேன். நீ தொட வேண்டாம். மிக முக்கியம், நீ தொட வேண்டாம்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே. காலை ஒன்பது மணிக்கு அவர் எழுந்து அணைக்கப் போகும்போது அளவுமானியைக் காட்டு.

ஹாத்திம்


அல்-மீனா, பிப்ரவரி 5

ஹாத்திம் அண்ணாவுக்கு,

அம்மா சுகம். நான் சுகம். அப்பா சுகம். இந்தத் தடவை மூன்றும் உண்மை.

வெள்ளிக்கிழமை உன் புத்தகத்தைச் செருப்பு அலமாரியில் வைத்தேன். கிழவனை அணைத்ததும் வீட்டில் ஒரு மௌனம் விழுந்தது பார், அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "எதை உடைச்ச?" என்றாள். ஒன்றையும் உடைக்கவில்லை. நீ கடைசியில் இரண்டு தடவை சொன்னதால் ஒரே ஒரு தடவைதான் தொட்டேன். அது இரண்டு மணி நேரம் செத்துக் கிடந்து, பிறகு அங்கிருந்து நீ எழுப்பினாய். நன்றி. அம்மாவிடம் மென்பொருள் பதிவாகிறது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமைதான் பரீட்சை. ஒன்பது மணி. பதினொரு கடையும் திறந்தன. அப்பா வழக்கம்போல் எழுந்து எந்திரத்தின் பொத்தானில் கை வைத்தார். நான் குறுக்கே போய் அளவுமானியை முகத்துக்கு நேரே பிடித்தேன். இரண்டு புள்ளி ஐந்து.

"இது என்னடி, உடைஞ்சு போச்சா?"

"உடையலை. எல்லாம் ஓடுது. உங்க எந்திரமும் ஓடுது."

"சர்வரு?"

"அதுவும்தான். பல்பு அளவுக்குத்தான் தின்னுது. உங்க மகன் அனுப்பினது."

அப்பா நடைக்கு வந்தார், மூக்கில் குழாயோடு, குழாய் எட்டுகிற தூரம் வரை. அலமாரியைத் திறந்து பார்த்தார். உள்ளே கை நீட்டித் தொட்டார். "சூடே இல்லையே" என்றார். அப்படியே அதன் முன்னால் நின்றார். அம்மா அப்போதுதான் வந்தாள். பொத்தான் விஷயத்தை அவளிடம் அவரே சொன்னார். பிறகு நடந்த சண்டையை எழுத மிர்னா அக்காவின் பெட்டியில் இடம் போதாது. எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டார்கள். அம்மா அழுதாள், திட்டினாள், பிறகு அவர் தட்டில் ஸாத்தர் மசாலா தூவிய இன்னொரு ரொட்டி வைத்தாள்.

நேற்று அதைவிட வேடிக்கை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பா மெதுவாகக் காபி அடுப்பை எடுத்தார். "போட்டுப் பாக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார், ஆறு வயதுப் பையன் மாதிரி. செருகினார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பாவுக்கு அதில் அனுபவம் அதிகம். எண் ஏறியது. நான்கு புள்ளி எட்டு. அங்கேயே நின்றது. காபி பொங்கியது. விளக்கு அணையவில்லை.

நான் இதை எழுதுவதைப் பார்த்துவிட்டு, ரேடியோவை நிறுத்தி, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னார்: "உங்க அண்ணனுக்கு எழுது. நாலு புள்ளி எட்டுன்னு."

எழுதிவிட்டேன்.

லமீஸ்

பி.கு.: ஒரு வாரத்து எண்களை வைத்திருக்கிறேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நீல மைதான்.


கிரெனோபிள், பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

லமீஸ் இதை உங்களுக்குச் சத்தமாகப் படிப்பாள். நடுவில் சொந்தமாக எதையாவது சேர்த்தால் காதை வெல்டிங் வையுங்கள்.

நான்கு புள்ளி எட்டு என்று கிடைத்தது. நம் வீட்டுக்கு ஐந்து. அப்படியென்றால் புள்ளி இரண்டு யாருக்கும் இல்லாமல் மிச்சம் கிடக்கிறது.

என் போனுக்கு மின்னேற்ற அதுவே தாராளம். மார்ச் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, மிர்னாவின் விமானத்தில் வருகிறேன். மூன்று வாரம் இருப்பேன்.

விமான நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாம், குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. காபியை மட்டும் அடுப்பில் வையுங்கள். நான் வந்து தட்டுகிறேன்.

உங்கள் மகன்,
ஹாத்திம்